தள்ளுபடியான வெள்ளி

மார்ச் 10, திங்கள்
லெந்து நாட்களின் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம்) வேத வாசிப்பில் இன்று எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 6-ஆம் அதிகாரம். கடைசி இரண்டு வசனங்களிலேயே நின்றுவிட்டேன். துருத்தி வேகிறது, ஈயம் நெருப்பில் அழிகிறது, புடமிடுகிறவன் பட்ட பாடெல்லாம் வீணாகிறது. யூதா ஜனங்களுக்குத் ‘தள்ளுபடியான வெள்ளி’, அதாவது ஆகாதென்று ஒதுக்கிய வெள்ளி, என்று பேர் விழுகிறது.

அங்கே ஈயம் எதற்கு? அந்தக் காலத்தில் வெள்ளியை ஈயத்தோடு சேர்த்து உருக்கித் துருத்தியால் ஊதுவார்கள். காற்றுப் பட்ட ஈயம் கசடாகி, கலந்திருக்கிற மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு விலகும், வெள்ளி தங்கும். எரேமியாவின் உலையில் ஈயம் தீர்ந்த பிறகும் அழுக்கு பிரியவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் கர்த்தர் தள்ளுகிறார். இதைக் கவனிக்காமல் அந்த வசனத்தை யார் மேலும் வீசக்கூடாது.

மார்ச் 12, புதன்
1 கொரிந்தியர் 9:27. மற்றவர்களுக்குப் பிரசங்கம் பண்ணுகிற நானே ‘ஆகாதவனாய்’ப் போய்விடக்கூடாதே என்கிறார் பவுல். கிரேக்கத்தில் ‘அடோக்கிமோஸ்’: சோதித்துப் பார்த்ததில் தேறாதது. செல்லாத நாணயத்துக்கும் அந்தச் சொல்தான்.

கொரிந்துக்குப் பக்கத்தில் இஸ்த்மியாவில் 2 வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டுப் பந்தயம் நடக்கும். ஜெயித்தவனுக்கு இலைக் கிரீடம். அதைத்தான் ‘அழிவுள்ள கிரீடம்’ என்கிறார். பந்தயத்துக்கு ஆட்களைக் கூவி அழைத்த கட்டியக்காரனே ஓட்டத்தில் தேறாமல் போவதா என்பதுதான் அவர் பயம். ஊரில் எவனையோ சுட்டிக்காட்டாமல் தன்னையே அந்த இடத்தில் நிறுத்துகிறார். பிரசங்க பீடத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் இதை முதலில் தனக்கு வாசிக்க வேண்டும்.

மார்ச் 15, சனி
வேதபாட வகுப்பு முடிந்ததும் ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, அப்போ தேவன் என்னைத் தள்ளிட்டாரோ?” யாரோ அவளிடம், சிலரைத் தேவன் ஆதியிலேயே தள்ளி வைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் என்கிற சபை மாநாடு 1618-19-ல் தீவிரமாகப் பேசிய உபதேசம் அது, பெரிய விவாதம். பயந்துபோய் நிற்கிற பிள்ளையிடம் அதை அரைகுறையாகக் கொட்டியது எனக்குக் கோபம்தான்.

2 கொரிந்தியர் 13-ஐத் திறந்து இருவரும் வாசித்தோம். அங்கே அதே ‘அடோக்கிமோஸ்’ என்ற கிரேக்கச் சொல், தமிழில் ‘பரீட்சைக்கு நில்லாதவர்கள்’. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்கிறார் பவுல். சரி, அதற்கு அப்புறம் 7-ஆம் வசனம்: நாங்கள் தேறாதவர்கள்போல் தெரிந்தாலும் பரவாயில்லை, நீங்கள் நலமானதைச் செய்ய வேண்டும் என்றே ஜெபிக்கிறார். எந்தப் பேருக்கு அவ்வளவு பயந்தாரோ, அந்தப் பேரை அவர்களுக்காகச் சுமக்கவும் தயாராக இருக்கிறார். அவள் அந்த வசனத்தைத் திரும்பவும் சத்தமாக வாசித்தாள்.