இத்தலாரில் தொட்டியில் ட்ரவுட் வளர்த்த அனுபவம்

"ஊட்டிக் குளிருக்கு ட்ரவுட் தானா வளருமே தம்பி, இதுக்கு எதுக்கு இத்தனை யோசனை?" பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன்; எங்கள் இத்தலார் ஊட்டிப் பக்கத்து மலையூர். நானும் அப்படித்தான் நம்பினேன். பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் 1907லேயே ட்ரவுட் பொரிப்பகம் வந்துவிட்டது. ஆனால் அது ஓடைத் தண்ணீரில் நடக்கிற வேலை. ஓடை வந்துகொண்டே இருக்கும், அழுக்கைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். கேரட் போடும் எங்கள் குடும்பத்திடம் இருந்ததோ ஒரு கிணறும், பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரைப் பசுமைக்குடிலில்) சும்மா கிடந்த ஒரு மூலையும்தான். அதே தண்ணீரைச் சுற்றவிட்டு, மீன் கழிவில் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ்தான் நமக்குச் சரி என்று இறங்கினேன்.

மீனுக்கு 1,000 லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் சதுர பிளாஸ்டிக் தொட்டி) ஒன்று. இன்னொரு டேங்கைக் குறுக்கே அறுத்து இரண்டு செடித் தொட்டிகள், அவற்றில் முக்கால் அங்குல ஜல்லி. பம்ப் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். நிறைந்ததும் பெல் சைஃபன் என்ற குழாய் அமைப்பு தானாக மடமடவென்று இறக்கிவிடும். இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. கஷ்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

மீன் வெளியிடும் அம்மோனியாவை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். செடிக்குச் சாப்பாடு அந்த நைட்ரேட். இந்த இரண்டு கூட்டமும் ஜல்லியில் குடியேறிய பிறகுதான் மீன் விட வேண்டும். வெதுவெதுப்பான ஊர்களில் நாலைந்து வாரத்தில் குடியேறிவிடும். நான் ஆரம்பித்தது நவம்பரில்; காலையில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரி. ட்ரவுட்டுக்கு அது சொர்க்கம், பாக்டீரியாவுக்கு அது தூக்கம். ஆறாவது வாரம் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா இறங்கியிருந்தது. வந்த சந்தோஷத்தில், நைட்ரைட்டைச் சரியாகப் பார்க்காமலே குஞ்சு இறக்கிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து கிடைத்த 60 குஞ்சுகள், விரல் நீளம்.

பதினோராம் நாள் காலையில் பாதி மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் மேலே வந்து வாய் திறந்து நின்றன. ஆக்சிஜன் குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். மலையில் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. கடல் மட்டத்தில் 15 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே தண்ணீரில் 8 நிற்பதே பெரிது. ட்ரவுட்டுக்கு 6க்குக் கீழே போகவே கூடாது. குளிர்ந்த தண்ணீர்தானே என்று மெத்தனமாக இருக்க முடியாது. இன்னொரு ஏர் ஸ்டோன் (காற்றுக்குமிழி விடும் கல்) போட்டேன். பயனில்லை.

செத்து ஒதுங்கியிருந்த ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருக்க வேண்டிய செவுள் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. நைட்ரைட் ரத்தத்துக்குள் போனால், தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாது. டெஸ்ட் குழாயில் சொட்டு விட்டதும் ஊதா ஏறியது; நைட்ரைட் அதிகம் என்று அர்த்தம். அன்றே தீனியை நிறுத்தினேன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், 1,000 லிட்டருக்கு அரைக் கிலோ வீதம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு கரைத்து ஊற்றினேன். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். மறுநாள் சாயங்காலம் மீன்கள் அடியில் இறங்கி நின்றன. அதற்குள் 14 போய்விட்டன.

உப்பு மீனைக் காப்பாற்றியது, செடித் தொட்டியில் வைத்திருந்த ஸ்ட்ராபெர்ரியைக் கருக்கியது. ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் பழுப்பு. ஒரே தண்ணீரை நம்பி இரண்டு உயிர் இருக்கும்போது யார் பக்கம் நிற்பது என்று அன்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. செடியை வேரோடு எடுத்து மண்ணுக்கு மாற்றலாம், மீனை எங்கே மாற்றுவது? ஸ்ட்ராபெர்ரியை வெளியேற்றிவிட்டு லெட்யூஸ், செலரி வைத்தேன். லெட்யூஸ் மஞ்சளடித்தபோது இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்து செடி உறிஞ்சக்கூடிய செலேட்டட் இரும்பு சேர்த்தேன், தேறிவிட்டது.

மார்ச்சில் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.2லிருந்து 6.1க்கு இறங்கியது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் கூடும். ஒரு வெங்காயப் பையில் கிளிஞ்சல் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டேன். இன்றுவரை அதுதான் மருந்து.

தீனியில் சிக்கனம் பார்க்காதீர்கள். கெண்டைக்குப் போடும் தீனி இதற்கு ஆகாது. ட்ரவுட் இரை பிடித்துத் தின்னும் மீன், 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். தீனி பத்தாவிட்டால் தன் இனத்தையே தின்னும். ஒரு நாள் கைவலையில் வந்த பெரியதன் வாயில் இன்னொன்றின் வால் மட்டும் வெளியே துடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து மாதம் ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து, நடுவில் வலைத்தட்டி வைத்துவிட்டேன். துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு மேலேயும் வலை. வடிகால் வாயிலும் கம்பி வலை கட்டாயம். நம் ஓடைகளில் இருக்கும் சின்ன மீன்களுக்கு நடுவே ட்ரவுட்டைத் தப்பவிடவே கூடாது.

ஏப்ரலில் பாலிஹவுஸ் சூட்டில் ஒரு மதியம் தண்ணீர் 19.5 டிகிரி தொட்டது. 20க்கு மேல் போனால் ட்ரவுட் சரியாகத் தின்னாது, மூச்சும் திணறும். நிழல்வலை கட்டி, டேங்கைச் சுற்றி நனைத்த சாக்குப் போட்டேன். பகலில் ஜல்லிக்குத் தண்ணீர் ஏற்றுவதைக் குறைத்து ராத்திரியில் கூட்டினேன். குளிர்ந்த ஜல்லி தண்ணீரையும் குளிர வைத்தது. ஜூன் காற்றில் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. 12 வோல்ட் ஏர் பம்பும் பழைய கார் பேட்டரியும் முன்பே தயாராக வைத்திருந்ததால் ஒன்றுகூடச் சாகவில்லை.

அக்டோபரில் 38 மீன் பிடித்தோம். பெரும்பாலானவை 220 முதல் 250 கிராம், பெரியது 340. பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினால் வயிறு சுத்தமாக இருக்கும். "கடையில பாக்குற மாதிரி உள்ளே சிவப்பா இல்லையேடா" என்றார் அம்மா. தீனியில் நிறமி சேர்த்தால்தான் சதை சிவக்கும் என்றேன். மிளகும் மஞ்சளும் தடவி வறுத்தார். தலைப்பக்கத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை நவம்பருக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் 18 டிகிரியில் இருக்கும் ஏப்ரலிலேயே, மீன் இல்லாமல், தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஜல்லியை ஓடவிட்டிருக்கிறேன். நேற்றுப் பார்த்தேன்: அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரைட் குழாயில் இன்னும் இளஞ்சிவப்பு, அதாவது முழுசாகப் போகவில்லை. குஞ்சுக்கு இன்னும் சொல்லிவைக்கவில்லை.