அம்புக்கு ஒரு பூண்

கொழிஞ்சாம்பாறையில் மார்கழி பிறந்தால் காற்றும் பிறந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று, தென்னந்தோப்பையே ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும். என் மகள் ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழகுவது அந்தத் தோப்பில்தான். 30 மீட்டரில் டார்கெட்டைத் தவறவிட்ட அம்பு பின்னாலிருக்கும் மண்மேட்டில் குத்தினால் பிழைத்தது. காற்று தள்ளி, மேட்டோரம் வரப்புக்கு அண்டை கொடுத்த கருங்கல்லில் பட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். போன தை மாதம் ஒரே வாரத்தில் நான்கு கார்பன் அம்புகள் அப்படிப் போயின. அவள் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

நான்கையும் எடுத்துப் பார்த்தேன். நடுத்தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாயிண்ட், அதாவது அம்பின் உலோக முனை, சொருகியிருக்கும் நுனிதான் நீளவாக்கில் பிளந்திருந்தது. கார்பன் இழைகள் பெரும்பாலும் தண்டின் நீளத்துக்கே ஓடுகின்றன, வளைவைத் தாங்க அது வேண்டும். ஆனால் கல்லில் மோதிய பாயிண்ட் பின்னோக்கி இடித்து, நுனியை உள்ளிருந்து விரிக்கும்போது, இழையையும் இழையையும் சேர்த்துப் பிடிப்பது வெறும் பிசின். அது விட்டுவிடுகிறது.

என் அம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பூண் கழண்ட ஒலக்கை மாதிரி பொளந்திருக்குடா" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உலக்கைக்கு இரும்புப் பூண் போடுவது வேறு எதற்கு? மர இழையும் நீளவாக்கில்தான் ஓடுகிறது.

நான் லேத் வேலை செய்பவன். வேலந்தாவளம் தாண்டிப் பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் இதே யோசனை. அப்புறம் விசாரித்தால், வில்வித்தைக்காரர்கள் ஏற்கனவே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பழைய அலுமினிய அம்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கார்பன் நுனிமேல் மாட்டி ஒட்டுகிறார்கள். மகளின் கோச்சிடம் 2117 என்று எண் போட்ட, நெளிந்துபோன அலுமினிய அம்பு ஒன்று கிடந்தது. அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு: முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், அங்குலத்தில் 64-இல் 21 பங்கு. அடுத்த இரண்டு சுவரின் கனம், அங்குலத்தில் 1000-இல் 17 பங்கு. மில்லிமீட்டருக்கு மாற்றினால் உள்விட்டம் சுமார் 7.47. மகளின் தண்டை வெர்னியரில் பிடித்தேன், 7.4. இதைவிடப் பொருத்தமாகக் கேட்டாலும் கிடைக்காது. உங்கள் தண்டு வேறு அளவாக இருக்கும், அளந்துவிட்டுத்தான் குழாய் தேட வேண்டும்.

25 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உள்ளே பிசிறு எடுத்தேன். பின்விளிம்பை அரத்தால் சரிவாக்கினேன். இல்லையென்றால் டார்கெட்டிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது அந்த விளிம்பு மாட்டும். தண்டின் நுனியை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன், பளபளப்பு போனால் போதும், இழை தெரியக்கூடாது. கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியும் முகமூடியும் கட்டாயம்.

முதலில் சட்டென ஒட்டும் பசையைப் போட்டேன். அது தவறு. மூன்றாவது அடியிலேயே பூண் பின்னால் நகர்ந்துவிட்டது, அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி, அதிர்ச்சி தாங்காது. இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸிதான் சரி. மெதுவாகக் காயும் வகையை வாங்கி ஒரு முழு நாள் விட்டேன். பாயிண்டைக் கழற்ற வேண்டுமானால் பாயிண்டை மட்டும் இளஞ்சூடாக்குங்கள். தீயைத் தண்டின் பக்கம் கொண்டுபோனால் பிசின் கருகி, பிளவு வருவதற்கு முன்பே தண்டு செத்துவிடும்.

ஒரு பூண் சுமார் 12 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் அளவு), முக்கால் கிராமுக்குச் சற்று மேல். எல்லா அம்புக்கும் ஒரே நீளம் போட வேண்டும் என்பது அதனால்தான். முன்பாரம் கூடியதால் 30 மீட்டரில் அம்பு நான்கு விரற்கடை கீழே இறங்கியது, வில்லில் குறிபார்க்கும் சைட்டை மாற்றிக்கொண்டாள். அவள் அம்பு நீளமானது, முழுதாக இழுத்தாலும் பூண், வில்லில் அம்பு தங்கும் ரெஸ்டைத் தொடாது. கிளிக்கர் (அம்பை முழுதாக இழுத்ததும் சத்தம் கொடுக்கும் தகடு) வைத்து எய்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் விடாப்பிடி. பூண் இருக்கிறதென்று சோதனையை விடக்கூடாது. கல்லில் பட்ட ஒவ்வொரு அம்பையும் இரண்டு கையால் பிடித்து, முகத்துக்கு எட்டத்தில் வைத்து, சுழற்றிச் சுழற்றி லேசாக வளைத்துக் கேட்கிறோம். 'கறக்' என்று சின்னச் சத்தம் வந்தாலும் உடைத்துப் போட்டுவிடுவோம். விரிசல் விட்ட தண்டு நாணிலிருந்து கிளம்பும்போதே சிதறி, வில் பிடித்த கையில் குத்தி ஏறும். மகளின் இடது கையைவிட எந்த அம்பும் எனக்குப் பெரிதல்ல.

இந்த மார்கழியில் மூன்று அம்புகள் கல்லில் பட்டன. இரண்டில் பாயிண்ட் மழுங்கியது, பூண் நசுங்கியது, தண்டு சத்தமில்லாமல் வளைந்தது. மூன்றாவது, பூணுக்குப் பின்னால் விரிந்திருந்தது, அதை உடைத்தோம். இன்னும் ஏழு பூண் வெட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன். தை முழுக்கக் காற்று இருக்கும்.