மலையை வலத்தோளில் வைத்து நடப்பது

திருவண்ணாமலையில் மலையேதான் லிங்கம். கிரிவலப் பாதையில் பல நந்திகள் மலையை நோக்கியே படுத்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் 14 கிலோமீட்டரும் நடப்பவர்களில் பலர் அஷ்டலிங்கங்களை எண்ணி முடிப்பதிலேயே குறியாக இருந்து, வலப்பக்கம் கூடவே வருகிற அண்ணாமலையாரை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்றால் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் நம் காலே நம் வசத்தில் இருக்காது. சாதாரண நாளில் அதிகாலை 4 மணிக்கு ராஜகோபுரத்தின் முன் கும்பிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சுற்றி வந்துவிடலாம். நேரம் போனால் தார்ச்சாலை வெறுங்காலைச் சுடும். நடை ஓட்டமாகி ஜபம் அறுந்துபோகும். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். இரண்டு வாழைப்பழமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும்.

நிறைமாதக் கர்ப்பிணியான மகாராணி நடப்பது போல நடக்கச் சொன்னார் ரமணர். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாலையின் இடப்புறமாகவே போவது வழக்கம். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் வலம்வரும் வழி என்பது நம்பிக்கை.

ரமணாசிரமம் தாண்டியும் செங்கம் சாலையில் பஸ் சத்தம்தான். அதை விட்டு வலப்பக்கம் திரும்பிய பிறகுதான் மனம் அடங்கும். இங்கே மரங்களுக்குப் பின்னால் மலை மறையும், சற்று நேரத்தில் வேறொரு முகத்தோடு தெரியும். மறைகிற இடத்தில் நின்றுவிடுங்கள். 'எங்கே போனாய் அப்பா?' என்று மனம் தேடுகிறதே, அந்தத் தேட்டம்தான் பிரார்த்தனை. பட்டியல் போட்டு வேண்ட வேண்டாம். ஒரே வேண்டுதலை எட்டு லிங்கத்திலும் சொல்லுங்கள். வருணலிங்கம், வாயுலிங்கம் வரும்போது கேட்ட பொருள் மங்கி, கேட்கப்படுகிறவர் நெஞ்சில் நிறைவார்.

ஆதி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் உண்டு. திருவெம்பாவை இங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். கால் வலிக்கத் தொடங்குவதும் இந்தப் பக்கம்தான். பத்து நிமிஷம் உட்காரலாம். அதற்கு மேல் உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும்.

குபேரலிங்கம் தாண்டி ஊர் நெருங்க நெருங்க, மனம் டிபனுக்கும் பஸ்ஸுக்கும் தாவும். அதுவரை உள்ளுக்குள் சொன்ன 'அருணாசல சிவ'வை அங்கே வாய்விட்டே சொல்லிக்கொண்டு வாருங்கள். ஈசான்யலிங்கத்தைக் கும்பிட்டு ராஜகோபுரம் வந்ததும், தரிசன வரிசைக்கு ஓடாமல், மலை தெரிகிற பக்கம் கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு உள்ளே போங்கள்.