சிந்திக்காரி

பால் கவரைக் கழுவிக் காயவைத்தாலும், கிழிந்த சட்டையிலிருந்து பொத்தான்களை வெட்டி டப்பாவில் போட்டாலும் என் மகன் சொல்வது ஒரே வார்த்தைதான்: ‘சிந்திகிரி’. மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கருமித்தனம் என்ற சொல் அவன் வாயில் வராது. தையல்காரர் மேசைக்கு அடியில் விழுகிற வெட்டுத்துணிக்கு இங்கே சிந்தி என்று பெயர். அதைப் பொறுக்குகிற ஆளும் சிந்திதான். தமிழில் எழுதினால் சிந்து மாகாணத்திலிருந்து வந்து மும்பை பக்கத்து உல்லாஸ்நகரில் குடியேறின சிந்திக்காரர்கள் ஞாபகம் வரும், அது வேறு. ஆனால் துண்டுத்துணிகளைச் சேர்த்து ‘ரல்லி’ என்று ஒரு விரிப்பு தைப்பது சிந்து மாகாணத்துப் பெண்களின் பேர்போன வேலை. அதனால் எப்படிப் பார்த்தாலும் அவன் திட்டியதை நான் பாராட்டாகவே வாங்கி வைத்துக்கொண்டேன்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது 2018-ல். அந்த வருஷம் ஜூனில்தான் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை அமலுக்கு வந்தது. சயான் மார்க்கெட்டில் தக்காளியை முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்த அன்று ராத்திரியே, என் வீட்டுக்காரரின் இரண்டு பழைய பேன்ட்டை வெட்டிப் பை தைத்தேன். அதைப் பார்த்துவிட்டு மாடியில் ஆறேழு பேர் கேட்டார்கள். தைத்துக் கொடுத்தேன். அப்புறம் தலையணை உறை. பழைய சட்டையின் முன்பக்கத்தை அப்படியே வெட்டினால் பொத்தான் பட்டியே உறைக்கு வாயாகிவிடும், ஜிப் வைக்கிற வேலை மிச்சம். அப்புறம் கால்மிதி. அதற்கப்புறம்தான் ஆசை பெரிதாகிப் போய் கோதடியில் வந்து நின்றது.

கோதடி என்றால் பழைய துணிகளை அடுக்கி, நூலோட்டம் போட்டுத் தைத்த கனமான விரிப்பு. மராட்டிக்காரர்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கும். கீழேயும் விரிக்கலாம், மேலேயும் போர்த்தலாம். எங்கள் ஆச்சி வீட்டிலும் சேலைக்கு ஓய்வு கிடையாது. கட்டிக் கிழிந்தால் தொட்டில், தொட்டில் நைந்தால் பிள்ளைக்குக் கீழே விரிக்க, அப்புறம் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. ஆனால் அடுக்கித் தைக்கிற வழக்கம் மட்டும் எங்கள் வீட்டில் இல்லை. திருநெல்வேலி வெயிலுக்குப் பத்தமடைப் பாயே போதும். போர்வைக்கு மார்கழியில் பத்து நாள் வேலை, அவ்வளவுதான். மும்பையிலும் குளிர் ஒன்றும் கிடையாதே என்று கேட்பீர்கள். ஏசி இருக்கிறதே!

சரி, கோதடி தைக்க முடிவு செய்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு முட்டாள்தனம். தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில் போய், கிலோ ஐம்பது ரூபாய் வீதம் ஐந்து கிலோ சிந்தி மூட்டை வாங்கினேன். மூட்டை வாயைத் திறந்து காட்டியபோது மேலே அருமையான காட்டன் பிரின்ட்டுகள். வீட்டில் வந்து தரையில் கொட்டினால், அடியில் முழுக்க லைனிங் துணியும் லைக்ராவும். அரிசிக் கடையில் மாதிரி மட்டும் காட்டிவிட்டு வேறு அரிசியைக் கட்டிக் கொடுப்பார்களே, அதே கதை.

எது காட்டன், எது கலப்படம் என்று கையால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அன்று அதுவும் போயிற்று. கடைசியில் அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியில் ஒவ்வொரு துண்டின் நூலாகப் பிடித்துப் பார்த்தேன். காட்டன் காகிதம் மாதிரி எரியும், சாம்பலைத் தொட்டால் பொடிந்துபோகும். பாலியெஸ்டர் எரிவதைவிட உருகும், ஆறினதும் நுனியில் கறுப்பாய் ஒரு கெட்டி மணி நிற்கும். ஜன்னலைத் திறந்து வைக்காமல் செய்யாதீர்கள். என் வீட்டில் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை பிளாஸ்டிக் நாற்றம். ஐந்து கிலோவில் தேறியது ஒரு கிலோ. அதிலும் பாதி அக்குள் வெட்டும் கழுத்து வெட்டுமாக வளைவுத் துண்டுகள். நாலு அங்குலச் சதுரம் ஒன்று எடுக்கக் கண்ணாமூச்சி ஆட வேண்டும். இருநூற்றைம்பது ரூபாய்க்கு அந்தத் துணியையே புதிதாக மீட்டர் கணக்கில் வாங்கியிருக்கலாம் என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது கணக்குப்படி சரி. அதனால்தான் கோபம் வந்தது.

மூன்றாம் மாடிக் காக்கூ (மராட்டியில் சின்னம்மா முறை) வந்து பார்த்தாள். சாத்தாரா பக்கத்து மனுஷி, எழுபது தாண்டிவிட்டாள். என் மூட்டையைக் காலால் ஒரு நெம்பு நெம்பிவிட்டு, ‘வீட்டில் பழைய புடவையே இல்லையா?’ என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இருந்தது. கட்டிலுக்கு அடியில் அத்தையின் ட்ரங்குப் பெட்டி.

அத்தை என்றால் என் மாமியார். மாமா பரேலில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது, இரண்டரை லட்சம் பேர். மாமா அதற்கப்புறம் மில்லுக்குள் போகவே இல்லை. அத்தைதான் பட்டறைகளிலிருந்து துணி வாங்கி வந்து காஜா பட்டன் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். ஒரு துண்டுத் துணியை வெளியே எறிய விடமாட்டாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். ஒன் ரூம் கிச்சன் வீட்டில் பழந்துணிக்கு ஒரு பெட்டியா? அத்தை போன மறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண் வந்தபோது, பெட்டியில் பாதியை நானே அவளிடம் எடுத்துப் போட்டேன். அவள் ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் விரித்து, கிழிசல் தேடி, உதட்டைப் பிதுக்கினாள். ‘வாயில்’ என்கிற மெல்லிய காட்டன் சேலை மூன்றுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா என்று முடிந்தது. இப்போது பொத்தான் போட்டு வைப்பது அந்த டப்பாவில்தான்.

மீதிப் பாதியில் எட்டுச் சேலைகள் இருந்தன. அதில் இரண்டு, கட்டாவ் மில்லின் வாயில் சேலை. மில் ஓடின காலத்துச் சரக்கு. எத்தனையோ தடவை துவைத்து, கையில் எடுத்தால் மாவு மாதிரி இருந்தது. இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. புதுக் காட்டன் சுருங்கும், சாயம் விடும், விறைப்பாய் நிற்கும். பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போய், அடங்கிப்போய் இருக்கும். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஆனால் சேலையை அப்படியே போடக் கூடாது. ஜன்னல் முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் சல்லடையாக இருக்கும், கொசுவத்தின் அடி ஓரம் பிய்ந்திருக்கும். அந்த இடங்களை வெட்டி எடுத்துவிடு, இல்லாவிட்டால் நடு அடுக்கில் போடு என்றாள் காக்கூ. அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது நீல வாயிலில் இடுப்பில் செருகிக்கொள்ளும் முதல் சுற்று வந்தது. சேலை முழுக்க வெளுத்துச் சாம்பல் நீலம். அந்த ஒன்றரை முழம் மட்டும் கடையில் வாங்கின அன்றைய நீலம். வெயில் படாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. அத்தை இந்தச் சேலையில் இத்தனை அடர்த்தியான நீலத்தைக் கட்டினாள் என்பதே எனக்குத் தெரியாது. அந்தத் துண்டை மேலடுக்குக்கு எடுத்து வைத்தேன்.

அளவுக்குக் கணக்கு சுலபம். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் பதினெட்டு அடி. மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், மூன்று அடுக்கு. ஒரு ஆள் படுக்கச் சரியாக இருக்கும். இரண்டு சேலை உள்ளே ஆறு அடுக்கு, மேலே ஒட்டுத் துண்டுகள், கீழே ஒரு முழுத் துணி. இதற்குமேல் போனால் ஊசி இறங்காது. மும்பை மழையில் காயவும் காயாது. ஆகையால் ஏப்ரல், மே மாதங்களில் தைத்து, ஒரு தடவை அலசி, மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்துவிட வேண்டும். ஜூன் இரண்டாவது வாரம் மழை இறங்கிவிட்டால் அக்டோபர் வரை கனத்த துணியில் மக்கல் வாடைதான்.

ஓரத்திலிருந்து ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போக வேண்டும் என்பது காக்கூவின் முறை. ‘டாக்கா லஹான் ஹவா’, தையல் சின்னதாக வேண்டும், என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வாள். என் தையல் காலையில் அரிசி அளவில் தொடங்கும், சாயங்காலம் சீரியல் நேரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிடும். அங்குஸ்தான் என்கிற விரலுறை போட்டுக்கொண்டால் ஊசி பிடிபடாது, போடாவிட்டால் நடுவிரலில் ஓட்டை.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் ‘சித்தி’ என்ற இனத்துப் பெண்களும் இப்படித்தான் ஓரத்திலிருந்து உள்ளே வருகிறார்களாம். ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். அவர்கள் தைப்பதன் பெயர் கவண்டி. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள், பூ இல்லாத கவண்டி உடுத்தாமல் நிற்பதுபோல என்பார்களாம். படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. அரக்குக் கரையில் நாலு பூ மடித்து மூலைகளில் வைத்தேன். காக்கூ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஹே காய்?’ என்றாள். விளக்கினேன். தலையை ஆட்டினாள். பிடித்ததா என்று கடைசிவரை சொல்லவில்லை.

நடுவில் ஒரு விபத்து. மேலடுக்கில் ஒரு சதுரம் குறைந்தது என்று, வாங்கி ஆறு மாதமே ஆன சிவப்புக் கட்டம் போட்ட லுங்கியிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். தைத்து முடித்து முதல் அலசலில், பக்கத்தில் இருந்த வெள்ளை வாயில் முழுக்க ரோஸ் நிறம். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஒரு தடவைகூட நின்றதில்லை. இப்போதெல்லாம் சந்தேகமான துணியை நனைத்து வெள்ளைக் கைக்குட்டைக்குள் சுருட்டி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிடுகிறேன். அந்த ரோஸ் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.

மகனை மடக்க ஒரு ஆயுதமும் கிடைத்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்திருக்கிறார்கள். 1972-ல் ஒரு பெரிய கம்பெனிக்குக் கார்டுராய்த் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. அதில் விழுந்த சிந்தியும் அவர்கள் போர்வைகளில் ஏறியது. நம் தாராவிக் கதைதான். 2002-ல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின, 2006-ல் அமெரிக்கத் தபால்தலையில் வந்தன. படத்தைப் போனில் காட்டி, ‘பார், சிந்திகிரி ஸ்டாம்பில் வந்திருக்கிறது’ என்றேன். ‘உன்னுது எப்போம்மா வரும்?’ என்று கேட்டுவிட்டுப் போனான்.

கையால் தைத்தால்தான் கோதடி என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஓரத்தை மெஷினில்தான் அடித்தேன், ஒட்டுத் துண்டுகளையும் மெஷினில்தான் இணைத்தேன். ஜீன்ஸ் துணி சேர்த்தால் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள், பதினாலு ஒடியும். ஆனால் இதற்கென்று வெளிநாட்டுக் காட்டன், உள்ளே வைக்கப் பஞ்சுத் தகடு, சக்கரக் கத்தி என்று வாங்கிக் குவிக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அந்தக் காசுக்குத் தாதரில் நல்ல கம்பளியே வாங்கலாம். எனக்கு ஆன செலவு நூல்கண்டும் ஊசியும். தாராவி மூட்டையை இதில் சேர்க்கவில்லை, அதை மறக்கப் பார்க்கிறேன்.

அந்தப் பாலியெஸ்டர் நாலு கிலோவும் வீணாகவில்லை. பழைய பெட்ஷீட்டில் உறை தைத்து அமுக்கி அடைத்தேன், தரையில் உட்காரத் திண்டு ஆயிற்று. காற்றில் மடங்கி உடைந்த குடைகளின் துணியைப் பிரித்து டிபன் பைக்கு உள்ளுறை போட்டேன், சாம்பார் சிந்தினாலும் துடைத்துவிடலாம்.

கோதடி எண்ணி ஐந்து வாரத்தில் முடிந்தது. முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது காக்கூ முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. சீரியல் நேரத்துத் தையல். ஊசியை வாங்கி, நடுநடுவே நாலு தையல் அவளே போட்டுக் கொடுத்தாள்.

மே முடிவதற்குள் இன்னொன்று தைக்க நேரம் இருக்கிறது. மைனி அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறாள். பழைய சேலை இருந்தால் கொண்டு வா என்று போனில் சொல்லியிருக்கிறேன். பாலியெஸ்டர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். ‘எல்லாம் நல்ல சேலைதாம்ட்டி, ஷைனிங்கே போகல’ என்றாள். அடுப்புப் பக்கத்தில் இடுக்கியை எடுத்து வைத்திருக்கிறேன்.