காட்டுத் திராட்சைக் கொடி, வாடாமல்லி, முற்றிய வெண்டைக்காய்: எங்கள் வீட்டுக் கதவு வளையம்

இங்கே கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில், செப்டம்பர் பாதி தாண்டினாலே கடை வாசல்களில் ரீத்துகள், அதாவது கதவில் மாட்டும் அலங்கார வளையங்கள், தொங்க ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் மேப்பிள் இலை, தெர்மோகோல் பூசணி, பளபளக்கும் ரிப்பன். தோட்டம் வைத்திருக்கும் யாரும் இதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். அந்த மாதத்தில் பின்பக்கத் தோட்டத்தில் காய்ந்துகொண்டிருப்பதை வைத்தே இதைவிட நல்ல வளையம் செய்துவிடலாம். பறிக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், காய்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பொறுக்கினால் போதும். மற்ற வேலையெல்லாம் கை பழகுவதுதான்.

முதலில் கொடி. எங்கள் வேலியில் காட்டுத் திராட்சை தானாக முளைத்து ஏறியிருக்கிறது. ஒன்ராறியோவின் தென்பகுதியில் ஆற்றங்கரை, ரயில் பாதை வேலி என்று எங்கே பார்த்தாலும் இருக்கும் கொடி இது. பழம் சின்னது, புளிப்பு, அதைப் பறவைகளுக்கே விட்டுவிடுவேன். கொடியை வெட்டாமல் விட்டால் பக்கத்தில் நிற்கும் மரத்தை மூடிவிடும், அதனால் வருஷா வருஷம் எப்படியும் வெட்டத்தான் வேண்டும். பூங்காக்களிலும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளிலும் போய் வெட்டாதீர்கள், அதற்கு அனுமதி கிடையாது. வேலியில் இந்தக் கொடி இருக்கும் நண்பர்களைக் கேளுங்கள். வெட்டி எடுத்துப்போனால் நல்லது என்று கத்தரியையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

வெட்டும் முன் கொடி எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். திராட்சைக் கொடியின் பழைய தண்டில் பட்டை நார் நாராக உரிந்து தொங்கும், பற்றுக்கம்பிகள் சுருள் சுருளாக இருக்கும். தண்டு முழுக்க மயிர் போல வேர்கள் அடர்ந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி. இலை உதிர்ந்து காய்ந்து கிடந்தாலும் அதன் எண்ணெய் தண்டில் இருக்கும், தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

பச்சையாக வெட்டிய கொடி அன்றைக்கே நன்றாக வளையும். இலைகளை மட்டும் உருவிவிடுவேன், பற்றுக்கம்பிகள் அப்படியே இருக்கட்டும், வளையத்துக்கு அழகே அவைதான். இரண்டு மூன்று நாள் கிடந்து விறைத்துவிட்டால் குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டு ஊற வைத்தால் திரும்பவும் இளகும். நீளமான கொடியின் தடித்த முனையிலிருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று சுற்று வட்டமாக வளைக்க வேண்டும். மீதி நுனியை அந்த வட்டத்தின் மேலேயே முறுக்கிக்கொண்டு போய் இடுக்கில் செருகிவிடலாம். அடுத்த கொடியை வேறொரு இடத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பருத்துப்போகும். ஐந்தாறு கொடிகளில் வளையம் கெட்டிப்பட்டுவிடும். காயக் காயக் கொடி சுருங்கும், பிடி தளரும், அதனால் இறுக்கியே முறுக்குங்கள். பிறகு தரையில் தட்டையாக வைத்து மேலே ஒரு பலகையும் நாலு செங்கல்லும் ஏற்றிவிட்டால் கோணிப்போகாமல் காயும். கதவு 36 அங்குல அகலம் என்றால் பூவெல்லாம் கட்டி முடித்த வளையம் 22 அங்குலத்துக்குள் இருப்பது பார்க்க நன்றாக இருக்கும். அதற்கு 15 அங்குலக் கொடி வட்டம் போதும்.

சரி, பூ. இதில்தான் எனக்குப் பெருமை. நான் நிலக்கோட்டைப் பக்கத்துக்காரி. பூச்சந்தையில் வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் குவியல் குவியலாகப் பார்த்து வளர்ந்தவள். இங்கே ரீத் செய்கிறவர்கள் தேடித் தேடி வளர்க்கும் பூக்களில் இந்த இரண்டும் உண்டு. வாடாமல்லி உறைபனி தாங்காது, அதனால் ஏப்ரல் முதல் வாரம் வீட்டுக்குள் விதைத்து, மே மாதம் விக்டோரியா தினத்துக்குப் பிறகு வெளியே நடுகிறேன். பூ உருண்டு கெட்டியாகும் வரை விட்டு, பனி ஈரம் உலர்ந்த பிறகு காம்போடு வெட்டி, சின்னக் கட்டாகக் கட்டி, பேஸ்மென்ட்டில் தலைகீழாகத் தொங்கவிடுவேன். வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், வெயில் பட்டால் நிறம் போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் காம்பு படக்கென்று ஒடியும் பதம் வரும். அந்த ஊதா அதற்கப்புறம் மாதக்கணக்கில் நிற்கும்.

கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சாவுக்கு அவசரமே கூடாது. பூ புதுசாக, வெள்ளை வெளேரென்று இருக்கும்போது பறித்தால் துவண்டு சுருங்கிவிடும். செடியிலேயே விட்டு, இதழ் காகிதம் போல மொடமொடப்பாகி, ஓரத்தில் இளஞ்சிவப்போ பச்சையோ ஏறிய பிறகு வெட்ட வேண்டும். ஜாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றிச் செருகிவிட்டு மறந்துவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்றப் பூ நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். என்னிடம் இருப்பது லைம்லைட் வகை. அது அந்தந்த வருடத்துப் புதுக் கிளையில் பூப்பது, எனவே வெட்டினால் அடுத்த வருடப் பூ குறையாது.

அப்புறம் வெண்டைக்காய். பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், எனக்கு வெண்டை நாற்று கொடுத்தவர். ஆகஸ்ட் மாதம் நான் முற்றியதைப் பறித்துப் போடப் போனபோது, "முத்தின வெண்டிக்காயைப் பிடுங்காதையும், விதைக்கு விடும்" என்றார். விட்டதில் காய்கள் செடியிலேயே மரம் போலக் காய்ந்து, சாம்பலும் பழுப்புமாகக் கோடு விழுந்து, நரம்புகளின் ஓரம் லேசாக வெடித்து நின்றன. கடையில் விற்கும் எந்த அலங்காரப் பொருளிலும் அப்படி ஒரு வடிவம் நான் பார்த்ததில்லை. அதிலிருந்து ஒவ்வொரு செடியிலும் கடைசி நாலைந்து காயை வளையத்துக்காகவே விடுகிறேன். மிளகாயும் வைக்கலாம். ஆனால் தோல் மெல்லிய நீட்டு மிளகாய்தான் சரிப்படும், சதைப்பிடிப்பான ஹாலப்பீனோ காயாமல் அழுகும்.

பைன் கூம்பு, ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) வேண்டுமென்றால் ஓவனில் 95 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். உள்ளே புழு இருந்தால் செத்துவிடும், கூம்பும் நன்றாக விரியும். வைக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், பிசின் உருகி வாசம் வரும். மேப்பிள் இலையை நான் சேர்ப்பதில்லை. செக்கச்செவேலென்று இருக்கிறதே என்று செருகினால் இரண்டே நாளில் சுருண்டு நொறுங்கும். ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து நாலைந்து நாள் முழுக வைத்தால் மெத்தென்று இருக்கும் என்பது உண்மைதான். எனக்கு அது மரத்தடியில் கிடந்தாலே போதும்.

கட்டுவதற்குச் சணல் கயிறு மட்டும்தான், பசைத் துப்பாக்கி வேண்டாம். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது, உரக்குழியிலும் போட முடியாது. மாலை கட்டத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை: ஹைட்ரேஞ்சாத் துண்டு ஒன்று, வாடாமல்லி நாலு, ஒரு வெண்டைக்காய் என்று சேர்த்து ஒரு பிடி, அதன் காம்பை வளையத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, கயிற்றை அறுக்காமலே அடுத்த பிடி முந்தியதன் காம்பை மூடும்படி. எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். கடைசிப் பிடியின் காம்பை, முதல் பிடியின் பூத்தலைகளை மெதுவாகத் தூக்கி அடியில் நுழைத்துக் கட்டினால் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது. வட்டம் முழுக்க நிரப்பவும் தேவையில்லை. இடப்பக்கக் கீழ்ப்பாதியில் மட்டும் கட்டி, மீதியில் வெறும் கொடியைக் காட்டுவதுதான் எனக்குப் பிடித்தது.

பிட்டர்ஸ்வீட் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மஞ்சள் தோல் வெடித்து உள்ளே ஆரஞ்சுச் சிவப்பாகப் பழம் தெரியும் கொடி, இலையுதிர் கால ரீத்துகளில் ரொம்பப் பிரபலம். அதில் கிழக்காசிய வகை இங்கே வந்தேறி. மரத்தைச் சுற்றி இறுக்கியே கொன்றுவிடும். நாம் கதவில் தொங்கவிட்ட பழத்தைப் பறவை தின்று, விதையைக் காட்டில் போடுகிறது. தண்டு நெடுகக் காய்த்திருந்தால் அதுதான், உள்ளூர் வகை கிளை நுனியில் மட்டும் காய்க்கும். உள்ளூர் வகையையும் செடியிலேயே விடுங்கள். சாலையோரம் வளரும் நாணல் கதிர், அதாவது ஃப்ராக்மைட்டீஸ், அதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒன்ராறியோ சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட ஊடுருவும் செடி, விற்கவோ வாங்கவோ கூடாது.

இங்கே தேங்க்ஸ்கிவிங் விடுமுறை அக்டோபர் இரண்டாவது திங்கள். பல வருடம் நவராத்திரியும் அதை ஒட்டியே வரும். அப்போது எங்கள் கதவில் மேலே மாவிலைத் தோரணம், நடுவில் இந்த வளையம். மழை நேரடியாக அடிக்காத, மதிய வெயில் விழாத கதவுதான் இதற்கு நல்லது. முன்னால் கண்ணாடிக் கதவும் இருந்தால் நடுவில் சூடு தேங்கி நிறம் சீக்கிரம் வெளுக்கும். ஏகோர்னோ சோளக்கதிரோ வைத்தால் அணில் வரும் என்று தெரிந்தே வையுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் கழற்றிவிடுவேன். சணலை ஓர் இடத்தில் அறுத்தால் பிடி பிடியாக வந்துவிடும். பூவும் கயிறும் உரக்குழிக்கு, கொடி வட்டம் அடுத்த வருடத்துக்காக கராஜ் ஆணியில். வெண்டைக்காயைத் தட்டி விதையெடுத்து அக்காவுக்குப் பாதி. வாடாமல்லி விதைக்கென்று செடியிலேயே காயவிட்ட பூக்கள் தனியாக ஒரு காகித உறையில் இருக்கின்றன. ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்கள் மார்ச் முடிவதற்குள் கேளுங்கள், தருகிறேன்.