அப்பாவின் சாவுக்குத் தப்பு அடித்தவர்கள்

எங்கள் சேர்ச்சில் டிரம் செட் இருக்கிறது. கொழும்பில் வேலைசெய்யும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தது. கீபோர்ட் இருக்கிறது. கிறிஸ்மஸ் கரோலுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் தூக்கிக்கொண்டு போக டோலக் இருக்கிறது. துரைமார் காலத்து ஆர்மோனியம் ஒன்று காற்றுப்பை கிழிந்து மூலையில் கிடக்கிறது. அதைத் தூக்கிப்போட இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. தப்பு என்கிற பறை மட்டும் வாசலுக்கு வரக் கூடாது.

எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் இல்லை. "அது வழமை" என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் சபையில் யாரும் வாய் திறப்பதில்லை, சபைக் குருவான ஐயர் உட்பட.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சேர்ச்சோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே போனவள் எழுதுகிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

அப்பா வாலிபத்தில் நன்றாகத் தப்பு அடிப்பாராம். மாசி மாதம் அமாவாசை கழித்துக் காமன் கம்பம் ஊன்றினால், கூத்து முடியும்வரை அவரை இரவில் வீட்டில் பார்க்க முடியாதென்று ஆயா சொல்லுவார். காமன் கூத்து மலையகத்துக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சிவன் மன்மதனை எரிப்பதும், ரதி தலைவிரி கோலமாக அழுவதும், எரிந்தவனுக்கு மறுபடி உயிர் வருவதும்தான் கதை. ரதி வேஷமும் ஆம்பிளைதான். தப்பு இல்லாவிட்டால் அதில் ஒரு அடி கூட நகராது. இந்தக் கூத்து நடக்கும் அதே நாட்களில்தான் பெரும்பாலும் எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். தபசு காலத்தில் மாமிசம் கூடாது, கல்யாணம் கூடாது. பிசாசின் கூத்துக்குப் போகவே கூடாது. அப்பா மாமிசத்தை விட்டார், கூத்தை விடவில்லை. அதனால் ஒரு வருஷம் ஈஸ்டருக்கு அவருக்கு நற்கருணை கொடுக்கவில்லை.

பிறகு கல்யாணம், பிள்ளைகள். தப்பைக் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த ஈஸ்டரைப் பற்றி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அந்த ரதி அழுவுறதப் பார்த்துட்டு வந்ததாலதான் புள்ள, கல்லறைக்கிட்ட நின்னு அழுத மரியாள் எனக்கு வெளங்குனா." இதைவிட நல்ல ஈஸ்டர் பிரசங்கம் நான் கேட்டதில்லை. அதைச் சொன்னவருக்கு அந்த ஈஸ்டரில் ஒரு துண்டு அப்பம் கிடைக்கவில்லை.

அவருடைய பக்தி அந்த மாதிரி. இரவில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் சங்கீதம் வாசிப்பார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று வரும் இடத்தில் நிறுத்திச் சிரிப்பார். "நம்ம பர்வதத்துல இருந்து ஒத்தாசை எங்க வரும், காலையில பெரட்டுக்குப் போகணுங்கிற நெனப்புதான் வரும்." பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம். அடுத்த வசனத்தில், ஒத்தாசை மலையிலிருந்து இல்லை, மலையை உண்டாக்கினவரிடமிருந்து வருகிறது என்று இருக்கும். அதைச் சிரிக்காமல் வாசிப்பார்.

அவர் இறந்தது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு முன்பு. அதாவது 2021க்கு முன்பு. நோயில் படுத்துக் கொஞ்சக் காலம் ஆகியிருந்ததால் சேர்ச் சந்தா பாக்கி விழுந்திருந்தது. துக்க வீட்டுக்கு வந்த கமிட்டிக்காரர் கையில் பைபிளோடு சந்தாப் புத்தகமும் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. பாக்கி இருந்தால் அடக்க ஆராதனை இல்லை என்பது வழமை, அதைச் சொல்ல வந்தார், அவ்வளவுதான். அண்ணன் பதுளையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அம்மா முந்தானையை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பாக்கியைக் கட்டியது யார் தெரியுமா? எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். "அண்ணி, நீங்க உள்ள போங்க" என்று அம்மாவை அனுப்பிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, ரசீதுத் துண்டும் வாங்கி அம்மா பெயரில் எழுதச் சொன்னார்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கோபப்படுவது இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை "கொர்பான்", காணிக்கை, என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அன்றைய பெரியவர்கள் ஒரு வழமை வைத்திருந்தார்கள். தேவனுடைய கட்டளையைத் தள்ளிவிட்டு மனுஷருடைய பாரம்பரியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அதிகாரம் எங்கள் சேர்ச்சிலும் வாசிக்கப்படுகிறது. வாசித்து முடித்ததும் உட்கார்ந்துவிடுகிறோம்.

சந்தாவுக்குப் பிறகு தப்பு வந்தது. அப்பாவின் கூட்டாளிகள் லயத்துக்குப் பின்னால் சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் தோல் தொய்ந்துபோகும். காய்ச்சாவிட்டால் சத்தம் எழும்பாது. பெட்டி எடுக்கும்போது அடிப்பதற்காக ஆயத்தம். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, கூலியும் பேசவில்லை. தப்பு சத்தம் கேட்டால் சேர்ச் ஆட்கள் வரமாட்டோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஐயர் வயதில் சின்னவர், வேறு ஊர்க்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒன்னுமில்லக்கா, கமிட்டிதான்..." என்று இழுத்தார்.

அம்மா வெளியே போய் அவர்களிடம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு அடியும் அடிக்காமல், பெட்டிக்குப் பின்னால் மயானம் வரைக்கும் நடந்து வந்தார்கள். மண் போட்டு ஜெபம் முடிந்ததும் ஐயர் அங்கியைக் கழற்றி மடித்தார். "நம்ம ஆராதனை முடிஞ்சிருச்சி. இனி நீங்க உங்க மரியாதையச் செய்ங்க" என்று அவர்களிடம் சொன்னார். கமிட்டி ஆட்கள் விறுவிறுவென்று ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள். ஐயர் போகவில்லை. அவர்கள் அடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். எங்கள் சபையில் அந்த ஐயரைப் போல இன்னொருவர் வரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. கமிட்டியில் வயதான ஒருவர் இருக்கிறார், நான் மாமா என்று கூப்பிடுவேன். பல மாதம் கழித்து அவரோடு சண்டைக்கே போனேன். அவர் கத்தவில்லை. "ஒனக்கு அது பாட்டு புள்ள. எங்க தாத்தனுக்கு அது ஏவல். எவன் வீட்டுச் சாவுன்னாலும் இவன் போய் அடிக்கணும், மாட்டேன்னா ஒத. காலையில பெரட்டுக்கு ஆள் எழுப்பவும் அந்தத் தப்புதான். அதக் கீழ வச்சிட்டு நிமிர்ந்து நிக்கத்தான் சேர்ச்சுக்கு வந்தோம். மறுபடி அத உள்ள கொண்டுவரச் சொல்றியா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. 1854இல் துரைமாரின் ஆதரவோடு எங்கள் ஆட்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே தமிழ்க் கூலி மிஷன். அந்தப் பெயரோடு வந்தாலும், உபதேசியார்மார் மலை ஏறி இறங்கி லயத்தில் உட்கார்ந்து எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. மாமாவின் தாத்தாவுக்கு அது விடுதலை. அவர் தப்பைக் கீழே வைத்தது அவருடைய உரிமை.

ஆனால் அப்பா அடித்தது ஏவலுக்கு இல்லை. அவருக்காக அடிக்க வந்தவர்களையும் யாரும் ஏவவில்லை. அவமானம் தோலிலா இருக்கிறது? அடிக்கச் சொன்னவனிடம்தானே? டோலக்கும் தோல்தான், அது மட்டும் எப்படி உள்ளே வந்தது? தாத்தாவின் காயத்துக்குப் போட்ட கட்டுத்துணியை, காயம் எங்கே என்று பார்க்காமலே பேரப்பிள்ளைகளுக்கும் சுற்றிவிட்டு, அதைக் கர்த்தரின் கட்டளை என்கிறோம். என் பிரச்சினை அங்கேதான். இது எங்கள் முடிவு, எங்கள் வலி என்று மாமா சபையில் எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்பேன். "தேவனுக்கு ஆகாது" என்று சொல்லும்போதுதான் எழும்பத் தோன்றுகிறது.

மாறாது என்று சொன்ன எத்தனையோ மாறியிருக்கிறது. பெண்ணுக்குப் பீடத்தில் என்ன வேலை என்று கேட்ட, ஆங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபையில் 2006இல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் சேர்ச்சுக்குச் சில நேரம் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரி 1879இல் இந்தப் பக்கத்தில் இறந்து அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லில் பெயர், வருஷம் எல்லாம் இருக்கும். எங்கள் அப்பாவுக்குக் கல் இல்லை. மழைக்கு மண் இறங்கி, மானா புல் மூடிக் கிடக்கும். நாங்கள் வெட்டுவோம், மறுபடி மூடும். அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. பெயர் தெரிந்தவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று மரியாளிடமிருந்து படித்திருக்கிறேன். உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்து அழுதவளை அவர் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டார்.

என் விசுவாசம் இவ்வளவுதான், பெரிய இறையியல் ஒன்றும் தெரியாது. இரவில் ஜெபம் பண்ணுகிறேன். நற்கருணைக்குப் போகிறேன், முழங்கால் போடும்போது இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. மாசி மாதத்தில் என் மகனைக் காமன் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒளித்துப் போவதில்லை, சேர்ச் ஆட்களைக் கண்டால் கை காட்டுகிறேன்.

ஈஸ்டர் காலை ஆராதனைக்கு அப்பாவின் கூட்டாளிகளைத் தப்போடு கூப்பிடலாமா என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். "பிறகு பார்ப்போம்" என்று பதில் வந்தது. மாமா மட்டும் கூட்டம் முடிந்து வெளியே வந்து, "அடிக்கிறவனுங்களுக்குத் தேத்தண்ணி யார் குடுக்கிறது?" என்று கேட்டார். அது எந்தப் பக்கம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறேன். யாராவது சந்தாப் புத்தகத்தைத் திறந்தால் திறக்கட்டும். இந்த வருஷத்துக்கு முழுதாகக் கட்டிவிட்டேன், துண்டும் கையில் இருக்கிறது.