மலைத்தேரையை வரைபடத்தில் ஏற்றுவதற்குள்

பழனிமலையிலோ ஆனைமலையிலோ மழை ஓய்ந்த பிறகு சோலை ஓரத்துக் கல்லையோ மக்கிய மரத்துண்டையோ புரட்டிப் பார்த்தால் மலைத்தேரை கிடைத்துவிடும். அவதியெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். துத்தாஃப்ரைனஸ் மைக்ரோடிம்பானம் என்கிற அந்த இனத்தின் பரவல் பதிவுகளைச் சலித்து, வரைபடத்தில் புதுப் புள்ளிகளைச் சேர்க்கும் வேலை இப்போதுதான் ஒருவழியாக முடிந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாதது, விண்ணப்பம் எதற்காகத் திரும்பி வரும் என்பது. "இந்தப் பேர்ல எதுவுமே நம்ம லிஸ்ட்ல இல்லையே சார், சரியான பேரைப் போட்டுக் கொண்டு வாங்க" என்றார் எழுத்தர். அவர் கையில் இருந்த பட்டியலில் 'பூஃபோ மைக்ரோடிம்பானம்' இருந்தது. 1882இல் விலங்கியலாளர் பௌலெஞ்சர் வைத்த பெயர் அது. 2006இல் ஃப்ராஸ்ட் குழுவினர் பூஃபோ என்ற பெரும் பேரினத்தைப் பிரித்தபோது, நம் பக்கத்துத் தேரைகள் பல துத்தாஃப்ரைனஸுக்கு மாறின. இதை வாயால் விளக்கிப் பயனில்லை. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதி, 'இரண்டும் ஒரே இனம்' என்று ஒரு வரி சேர்த்து, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் இணைப்பெயர்கள் உள்ள பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். அதற்குப் பிறகுதான் கோப்பு மேசையை விட்டு நகர்ந்தது.

விண்ணப்பத்தில் 'கொடைக்கானல்' என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொரு வனச்சரகத்தின் பெயரையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அடுத்த சரகத்துச் சோதனைச் சாவடியோடு பயணம் முடியும். தமிழ்நாட்டு அனுமதி மாநில எல்லையோடு சரி. இரவிகுளத்துக்குக் கேரளத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். 'பார்வையிடுதல், படமெடுத்தல்' என்று மட்டும் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு மரபணு மாதிரி எடுக்கக் கூடாது. வாய்க்குள் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுப்பதும் மாதிரி சேகரிப்புதான், அதையும் எழுதிக் கேளுங்கள்.

இனி அடையாளம். வளர்ந்த தேரையில் குழப்பம் குறைவு. மலைத்தேரையின் தலையில் எலும்பு முகடுகள் கிடையாது. செவிப்பறை மிகச் சிறியது, பெரும்பாலும் கண்ணின் விட்டத்தில் பாதிகூட வராது. கை முதல் விரல் இரண்டாம் விரலைத் தாண்டாது, கால்விரல் சவ்வு பாதி அளவுக்கு இருக்கும். வீட்டோரங்களில் திரியும் சாதாரணத் தேரையான மெலனோஸ்டிக்டஸுக்குக் கண்ணைச் சுற்றிக் கருப்பு முகடுகள் உண்டு; செவிப்பறை கண்ணில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கும். பெடோமி என்கிற இன்னொரு தேரை இனத்தில் முகடும் இல்லை, செவிப்பறையும் வெளியே தெரியாது.

குட்டிகளில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். சாதாரணத் தேரையின் குட்டிக்கு முகடு இன்னும் எழும்பியிருக்காது, செவிப்பறையும் தெளிவாக இருக்காது. பார்த்தால் அசல் மலைத்தேரை! சாதாரணத் தேரை சமவெளியோடு நின்றுவிடுவதில்லை, மலை மேலும் இருக்கிறது. ஆகவே உயரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வழியில்லை. இப்படித் தவறாகப் பெயரிட்ட பதிவுகளைப் பொதுத் தரவுத்தளங்களில் கண்டு தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். வளர்ந்தது கிடைக்காத இடத்தில் 'துத்தாஃப்ரைனஸ் குட்டி' என்று பேரின அளவிலேயே நிறுத்திவிடுங்கள்.

முதுகுப் படம் மட்டும் இருந்தால் அந்தப் பதிவால் பெரிய பயன் இல்லை. கண்ணும் செவிப்பறையும் ஒரே குவியத்தில் விழும்படி தலையின் பக்கவாட்டுப் படம் கட்டாயம். கூடவே கை, பாதச் சவ்வு, அளவுகோலோடு ஒரு முழுப்படம். ஒவ்வொரு தேரைக்கும் புதுக் கையுறை மாட்டுங்கள். தவளை, தேரைகளுக்குத் தோல்நோய் தரும் கைட்ரிட் பூஞ்சையை ஓடைக்கு ஓடை சுமந்து போகாதீர்கள், காலணியையும் கழுவிக் காயவிடுங்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள நச்சுச் சுரப்பியைத் தொட்ட கையால் உங்கள் கண்ணைத் தேய்க்கவும் வேண்டாம்.

திசு மாதிரிக்கு 95 சதவீத எத்தனால். திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு ஊற்றி, மறுநாள் ஒருமுறை மாற்றுங்கள். ஃபார்மலின் பக்கமே போக வேண்டாம், மரபணு சிதைந்துவிடும். குழாய்க்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மையும் மார்க்கரும் எத்தனாலில் கரைந்துபோய், எது எந்தத் தேரையுடையது என்றே தெரியாமல் போகும்.

இனத்தை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசை வந்ததும், ஜென்பேங்க் என்கிற பொது மரபணுத் தரவுத்தளத்தில் தேடினால் முதலில் வரும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்குள்ள பெயர், பதிவேற்றியவர் வைத்தது, தவறானதும் கலந்திருக்கும். அருங்காட்சியக மாதிரி எண்ணும் சேகரித்த இடமும் உள்ள வரிசைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, மரபுக்கிளை மரம் போட்டுப் பார்த்த பிறகு பெயர் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைத் தின்றது ஆயத்தொலைவுகள். கொடைக்கானல் ஏறக்குறைய 10 பாகை (டிகிரி) 14 கலை (நிமிடம்) வடக்கு, 77 பாகை 29 கலை கிழக்கு. தசமத்தில் 10.23, 77.48. கலையை அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டி 10.14, 77.29 என்று எழுதியிருந்தால் தேரை சுமார் 23 கி.மீ. தள்ளிக் கேரள எல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஒருவரின் எல்லாப் பதிவுகளிலும் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரு இலக்கங்கள் 59ஐத் தாண்டவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பொறி, பொதுமக்கள் உயிரினப் பதிவுகளை ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அருகிவரும் இனங்களின் இடத்தை மறைத்துக் காட்டும் ஏற்பாடு. 0.2 பாகைக் கட்டத்துக்குள் ஏதாவது ஓரிடத்தில் புள்ளியைப் போடும். தேரைக்கு அது நல்லதுதான். ஆனால் மலையுச்சிப் பதிவு அடிவாரத்தில் விழக்கூடும். அந்தப் புள்ளியிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டால் மலைத்தேரை சமவெளிக்கே இறங்கிவிடும். தரவிறக்கியதும் இடத் துல்லியமின்மையைக் காட்டும் நெடுவரிசையைப் பார்த்து, 1 கி.மீ.க்கு மேல் உள்ளவற்றை உயரக் கணக்கிலிருந்து விலக்குங்கள். பதிவு செய்தவருக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்டால் பலர் சரியான இடத்தைத் தருகிறார்கள். இந்த வேலையில் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் இது.

பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் வெறும் 'மலபார்' என்று இருப்பதைப் புள்ளியாக்க முயலாதீர்கள். அன்றைய சேகரிப்பாளர்களுக்கு மலபார் என்றால் பாதி மேற்குத் தொடர்ச்சி மலை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே என்று சொல்லும் பதிவுகளில் செவிப்பறை தெரியும் படமோ மாதிரியோ இல்லாதவற்றை, உறுதியாகாதவை என்று வரைபடத்தில் வெற்று வட்டமாகக் குறித்திருக்கிறோம். படம் வந்தால் கருப்பாக்கலாம்.